ரிமோட் ஆப் லாகின் இழுத்தடித்ததா? பிரிண்டர் பாலிசியைப் பாருங்கள்

சர்வரில் ஓடும் பில்லிங் மென்பொருளை ரிமோட் ஆப் வழியாக (சர்வர் மென்பொருளின் ஜன்னல் மட்டும் நம் கணினியில் தெரியும் விண்டோஸ் வசதி) திறந்தாலே லாகின் இழுத்துக்கொண்டே போனது. சிபியு, மெமரி இரண்டும் சும்மாதான் கிடந்தன (உடனே ராம் கூட்டச் சொல்பவர்கள் கவனிக்க!). டாஸ்க் மேனேஜரில் பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளைக் கவனிக்கும் விண்டோஸ் சேவை) மட்டும் ஒவ்வொரு லாகினுக்கும் துள்ளியது. பயனர் கணினியில் உள்ள பிரிண்டர்கள் அத்தனையும், பிடிஎஃப், ஃபேக்ஸ் உட்பட, சர்வரில் அவருக்குத் திறக்கும் செஷனுக்குள் வந்துகொண்டிருந்தன.

குரூப் பாலிசியில் (விண்டோஸ் அமைப்புகளை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் இடம்), ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டுக்குக் கீழே, இப்படிப் பிரிண்டர்கள் வருவதைக் கட்டுப்படுத்தும் பிரிண்டர் ரீடைரக்‌ஷன் இருக்கிறது. அதில் டீஃபால்ட் பிரிண்டரை மட்டும் அனுப்பும் பாலிசியை எனேபிள் செய்தேன்; ஈஸி பிரிண்ட் டிரைவருக்கு (ஒவ்வொரு பிரிண்டருக்கும் சர்வரில் தனி டிரைவர் போடத் தேவையில்லாத பொது டிரைவர்) முன்னுரிமை தருவதையும்தான். இரண்டு பிரிண்டர் தேவைப்படும் சிலருக்கு விலக்குத் தர வேண்டியிருந்ததால், கம்ப்யூட்டர் பகுதியை விட்டு யூசர் பகுதியில் வைத்தேன். அப்புறம் ஜிபிஅப்டேட் (பாலிசி மாற்றத்தை உடனே அமலாக்கும் கட்டளை). லாகின் சட்டென்று முடிந்தது.

சோதிக்கும்போது வெறும் டிஸ்கனெக்ட் போதாது (பழைய செஷன் சர்வரில் அப்படியே இருக்கும்), முழுதாக லாக் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.