உப்புக்காற்றில் செத்த கொம்பியூட்டரை எழுப்புவது

கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலை ஒட்டிய இடங்களில் பழைய டெஸ்க்டொப் எழும்பாவிட்டால் உடனே மதர்போட் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஃபேன் சுற்றுகிறது, மொனிட்டரில் ஒன்றுமே இல்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது ரெம் (மதர்போட்டில் செருகியிருக்கும் நினைவகப் பலகை). மாரிகாலம் முழுக்கப் போடாமல் கிடந்த மெஷின் என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். கேஸிங்கைத் திறந்து, பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, கிளிப்பை விரித்து ரெம்மை எடுங்கள். அடியிலுள்ள மஞ்சள் பற்கள் மங்கியோ கரும்புள்ளி விழுந்தோ இருக்கும். தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகளால் உப்பு ஈரம் இறங்கி அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. வெள்ளை அழிறப்பரால் நுனியை நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான பக்கத்தால் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போகும். துகளைத் தட்டி, ஐசோபுரொப்பில் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் இரு கிளிப்பும் விழும்வரை அழுத்துங்கள். தின்னர் பக்கமே போகவேண்டாம். இரண்டு ரெம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லொட்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். தூசு ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் எழும்புகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்காமல் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறதா? லைனைத் திட்டுமுன் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நின்றால், பிரௌசர் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது. காரணம் மதர்போட்டிலுள்ள சிஆர்2032 பற்றரி, மணிக்கூட்டையும் அமைப்புகளையும் காப்பது அதுதான். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள், கூட்டல் குறி மேலே. மாற்றியதும் பயோஸில் (மெஷின் எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) திகதியோடு சாட்டா மோடையும் (டிஸ்க்கோடு மெஷின் பேசும் முறை) சரிபாருங்கள். முன்பு ஏஎச்சிஐயில் இருந்தது ஐடிஇக்கு மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். ஆட்கள் வீணாக ஃபோர்மட் அடிப்பது இந்த இடத்தில்தான்.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக் கழற்றியபிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. 11ஐ ஏற்காத மெஷினுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) ஒன்றும் 4 ஜிபி ரெம்மும் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் படிப்புக்கும் கடிதவேலைக்கும் தாராளம். ரெம் வாங்குமுன் பழையதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். டிடிஆர்3 வகை ரெம்முக்கான ஸ்லொட்டில் டிடிஆர்4 வகை இறங்காது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கினால் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன்வழி மின்னல் வராது. ஆனால் ரவுட்டரின் அடாப்டரால் ஏறி, லான் வயர் வழியே மதர்போட்டுக்கு வந்துவிடும். அந்த வயரையும் இழுத்துவிடுங்கள்.