ஊரில் ஒரு மாதக் கலைவிழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமல்லபுரத்தில் டிசம்பர் கடைசியில் தொடங்கும் நாட்டிய விழா, ஜனவரியிலும் நீண்டு ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும். அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, ‘நம் ஊரிலும் இப்படி ஒன்று நடத்தினால் என்ன?’ என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்களுடையது ஒரு பேரூராட்சி. ஒரு கடைவீதி, ஒரு பஸ் நிலையம், ஒரு பள்ளி மைதானம், அவ்வளவுதான். அங்கே நண்பர்கள் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஒரு மாதக் கலைவிழா நடத்தினோம். இப்போது சுற்றுவட்டார ஊர்களிலிருந்து, ‘நாங்களும் தொடங்கப்போகிறோம், என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டு வருகிறார்கள். என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் அவர்களிடம் முதலில் சொல்கிறேன்.

ஒரு நாள் விழாவை முப்பதால் பெருக்கினால் ஒரு மாத விழா ஆகிவிடும் என்று நினைக்கிறோம். எல்லாத் தவறுகளும் இந்த நினைப்பிலிருந்தே கிளைக்கின்றன. ஒரு மேடை, ஒரு மைக் செட், ஒரு வரிசை விளக்கு, ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்று முடிவு செய்துகொண்டு, அந்த அச்சுக்குள் பரதத்தையும் பறையையும் கூத்தையும் பாவையையும் திணிக்கிறோம். ஒவ்வொரு கலைக்கும் அதற்கான தரை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பொழுது இருக்கிறது. அவற்றைப் பறித்துவிட்டால் அழைப்பிதழில் கலையின் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

எல்லாக் கலைக்கும் ஒரே மேடை

முதல் ஆண்டு தோல்பாவைக் கூத்துக்கு நாங்கள் செய்த கொடுமையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, வண்ணம் தீட்டிச் செய்யப்படுபவை அந்தப் பாவைகள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும். பாவை திரையோடு ஒட்டும்போது நிறம் பளிச்சென்று தெரியும். சற்று விலகினால் மங்கும். அந்தத் தெளிவிலும் மங்கலிலும்தான் அனுமன் பறப்பதும் இராவணன் சரிவதும் நடக்கின்றன. இதற்குச் சுற்றிலும் இருட்டு வேண்டும். மேடை விளக்குகளை அணைத்தோம். மைதானத்து மூலையில் நின்ற உயரமான விளக்குக் கம்பத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அதன் சுவிட்ச் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. திரையில் பாவைகள் வெளிறிய நிழல்களாக அசைந்தன. நான் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு பெரியவர் சம்மணமிட்டு அமர்ந்து, இரண்டு கைகளிலும் பாவைகளை ஏந்தி, இராமனுக்கும் சீதைக்கும், கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறங்கள் அத்தனை அழகு. திரைக்கு அந்தப் பக்கம் அவை செத்துக் கிடந்தது அவருக்குத் தெரியாது. இடத்தைப் பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், இரவில் போய் நின்று பாருங்கள்.

தெருக்கூத்துக்கு உயர்ந்த மேடை தேவையே இல்லை. மண் தரைதான் அதன் களம். மூன்று பக்கமும் சனம் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் இருக்கும். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று வேடம் தன் வரவைப் பாடி, திரை விலகியதும் சுழன்று கிறுகிறுத்து வெளியே வரும். அந்தச் சுழற்சியின் காற்று முன்வரிசையில் இருப்பவர் முகத்தில் பட வேண்டும். நான்கடி உயர மேடையில் ஏற்றி, ஐம்பதடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது தொலைக்காட்சியில் பார்ப்பதைப் போல் ஆகிவிடும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கேலி பேசினால், பதில் சொல்லும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும்.

பறைக்குத் தீ வேண்டும். பனியில் தோல் தளர்ந்துபோகும். அடித்தால் சத்தம் மந்தமாக, ஈரத்துணியைத் தட்டியதைப்போல வரும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் பறையைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, கணீரென்று வரும்வரை காய்ச்சுவார்கள். எங்கள் விழாவில் பந்தல் தீப்பிடித்துவிடும் என்று பயந்து ஒரு தொண்டர் நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டார். பயம் நியாயமானது. அதற்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்காமல் விட்டது எங்கள் தவறு. பந்தலிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் திசையைப் பார்த்து, ஒரு மூலையில் மணல் கொட்டி, இரண்டு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டால் போதும். ஆட்டம் ஒரு மணி நேரம் போனால் நடுவிலும் காய்ச்ச வேண்டியிருக்கும் என்பதையும் நிகழ்ச்சி நிரலில் கணக்கில் எடுங்கள்.

நாகசுரமும் தவிலும் திறந்த வெளியை நிரப்பப் பிறந்த கருவிகள். தவிலின் வாயருகே மைக் வைப்பது அந்தக் கச்சேரியைக் கெடுப்பதற்கான சுருக்குவழி. சின்ன மைதானத்தில் மைக் இல்லாமலே கேளுங்கள்; காது நன்றி சொல்லும். வில்லுப்பாட்டு இதற்கு நேர்மாறு. உட்கார்ந்து பாடுவார்கள், வில்லும் குடமும் உடுக்கையும் தரையோடு இருக்கும். அதற்குத் தாழ்வான மைக் ஸ்டாண்டு வேண்டும். ‘நின்று பேசும் மைக்கை வளைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் மைக் செட்காரரை நம்ப வேண்டாம்.

பரதநாட்டியக் குழந்தைகளின் கால்களைப் பற்றிப் பெரும்பாலான குழுக்கள் யோசிப்பதே இல்லை. சிமெண்டுத் தளத்தில் ஒன்றரை மணி நேரம், பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு போட்டால் முழங்கால் தாங்காது. மேலே விரிக்கும் பிளாஸ்டிக் பாய் சுருங்கி மடிந்து கட்டை விரலைத் தடுக்கும். பலகை மேடையில் ஆணித் தலைகள் எழுந்து நிற்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒருவர் செருப்பில்லாமல் மேடை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். வெயில் சூடு இறங்கியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பொழுதும் சட்டமும்

விடிய விடிய கூத்து என்று நோட்டீஸ் அடிக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. இசைக்கருவிகளுக்கும் இந்தத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக நள்ளிரவு 12 வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 15 நாட்கள்தான் அப்படித் தர முடியும். எனவே அந்தத் தளர்வை நம்பி ஒரு மாத விழாவைத் திட்டமிட முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற வரம்பும் உண்டு. ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்கப் போகும்போதே, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையோ பள்ளியோ அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்காக மாலையில் பாட்டைப் போட்டுத் தெருவையே அதிரவிடுவதும் இந்த டெசிபல் வரம்புக்குள் அடங்கும். முதல் நாளிலேயே அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொண்டால் மீதி இருபத்தொன்பது நாட்களும் புகார்தான்.

பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்றதும், ‘அப்படியானால் கூத்தை நாற்பது நிமிடமாக வெட்டிவிடுங்கள்’ என்று சொல்வதுதான் அடுத்த தவறு. வேடம் கட்டுவதற்கே மணிக்கணக்கில் ஆகிறது. அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டி முடித்தவரை, ‘இரண்டு பாட்டு பாடிவிட்டு இறங்குங்கள்’ என்று சொல்வது அவமதிப்பு. கூத்து வாத்தியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கதையை எங்கிருந்து தொடங்கினால் நான்கு மணி நேரத்தில் உயிரோடு நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். வெட்ட வேண்டியதை அவர் வெட்டட்டும்.

ஒரு மாதம் கையில் இருக்கும்போது அதைத் துண்டு துண்டாக்குவதும் எனக்குப் புரியவே இல்லை. தோல்பாவைக் கூத்தில் இராமாயணத்தைப் பத்து நாள் கதையாக நடத்துவது பழைய வழக்கம். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் கதை நகரும். ‘நேற்று எங்கே விட்டார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே சனம் வரும். ஒரு நாள் விழாவால் இதைத் தர முடியாது, உங்களால் முடியும். முப்பது நாளுக்கு முப்பது குழுக்களைக் கூப்பிடாதீர்கள். ஒரு குழுவை ஐந்து நாட்கள் தங்க வையுங்கள். மூன்றாம் நாள் பள்ளிப் பிள்ளைகள் பாவை செய்யக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

தேதி குறிக்கும்போது

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், பந்தல் நிற்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு. பங்குனியிலிருந்து ஆடி வரை அம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்துக் குழுக்களுக்கு வேலை இருக்கும். அப்போது கூப்பிட்டால் வாத்தியார் வேறு ஊரில் இருப்பார். உங்களுக்குப் பாதிக் குழுதான் வரும். பொங்கல் கழிந்த பிறகு மாசி முற்பகுதி வரையிலான நாட்கள் எங்களுக்கு ஒத்துவந்தன. சந்தை நாள், முகூர்த்த நாள் இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் சின்ன நிகழ்ச்சிகளை வையுங்கள். வாரம் இரண்டு நாள் விடுமுறையும் விடுங்கள். இடைவெளியே இல்லாமல் நடத்திய முதல் ஆண்டில் இருபதாம் நாளுக்குப் பிறகு நாற்காலி எடுத்துப் போடக்கூட ஆளில்லை. தொண்டர்கள் சோர்ந்துபோனதை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

கலைஞர்களிடம் நடந்துகொள்ளும் விதம்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கூத்துக் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பலர் பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆடும் நாளும் கண் விழித்த மறுநாளும் அவர்களுக்கு வேலை போய்விடும். அவர்களைக் கூப்பிட்டு, ‘செக் அடுத்த வாரம் அனுப்புகிறோம்’ என்று வழியனுப்பும் விழாக்கள் நிறைய இருக்கின்றன. பேசிய பணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகவும், மீதியை அரிதாரம் கலைப்பதற்குள் கையிலும் கொடுங்கள். பயணச் செலவு தனி. பணம் முழுவதும் திரளும் முன் அழைப்பிதழ் அடிக்காதீர்கள். முப்பது நாளுக்குப் போதவில்லை என்றால் பதினைந்து நாள் நடத்துங்கள். குழுக்களைத் தேடும்போது இடைத்தரகரிடம் போக வேண்டியதில்லை. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகங்களிலும், தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்திலும் விசாரிக்கலாம்.

பெண் கலைஞர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் நிகழ்ச்சியே வைக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் துணி கட்டிக் கொடுப்பது உடை மாற்றும் அறை ஆகாது.

அழைப்பிதழில் பாடகர் பெயரைப் பெரிதாகப் போட்டு, ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிடுகிறோம். மிருதங்கக்காரருக்கும், நாகசுரத்துக்குச் சுருதியாக ஒத்து ஊதுகிறவருக்கும் பெயர் இல்லையா? நன்கொடையாளர் பட்டியலில் நாற்பது பெயர்களுக்கு இடம் இருக்கும்போது, வாசிப்பவர் பெயருக்கு மட்டும் இடமில்லாமல் போவது எப்படி? மூன்றாம் ஆண்டு ஒவ்வொரு நாளும் எல்லாக் கலைஞர் பெயரையும் கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தோம். ஒரு தவில் வித்துவான் அதற்கு முன்னால் நின்று பேரனைப் படம் எடுக்கச் சொன்னார்.

படம் எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முழு நிகழ்ச்சியையும் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது விழாக் குழுவின் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. ஒப்புதல் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின் பிரதி ஒன்றை அவர்களுக்கும் கொடுங்கள்.

பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் தொடக்க நாளோடு முடித்துவிடுங்கள். தினமும் முக்கால் மணி நேரம் பேசினால், முப்பது நாளில் இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் மேல் கலைஞர்கள் வேடத்தோடு காத்திருப்பார்கள்.

கடைசி பஸ்

கூட்டம் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் குழுக்கள் பஸ் நேரத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் ஒன்பதே காலுக்கு. நாங்கள் ஏழரைக்குத் தொடங்குவோம். எட்டே முக்காலுக்குக் கதை சூடுபிடிக்கும் நேரத்தில் பெண்கள் பக்கம் பாதிச் சமுக்காளம் காலியாகிவிடும். இரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு ஆர்வமில்லை என்றே நினைத்திருந்தோம். ஒரு பாட்டி எழுந்து போகும்போது, “முடிவு என்ன ஆச்சுன்னு நாளைக்குச் சொல்லு தம்பி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டு கர்ண மோட்சக் கூத்தை ஐந்தே முக்காலுக்கே தொடங்கினோம். வெளிச்சம் முழுதாக மறையவில்லை. வாத்தியாருக்குக் கொஞ்சம் தயக்கம். கர்ணன் போருக்குக் கிளம்பும்முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தபோது மணி எட்டு பத்து. நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூட எழவில்லை. அந்தப் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முன்வரிசையில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.