பொதுத்தேர்வு வருடத்தில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் பத்தாவது படித்த வருடம், தினமும் காலை 4 மணிக்கு அவளை எழுப்பிவிடுவேன். காபி கலக்கிக்கொண்டு வந்து பார்த்தால், புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்திருக்கும். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

சோம்பல் இல்லை அது. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் என்ற ஹார்மோன், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. ஒன்பது மணிக்கே படு என்றாலும் பதினொன்றுக்குத்தான் கண் அசரும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 11 மணிக்குத் தூங்கும் பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் கிடைப்பது 5 மணி நேரம். படித்ததை மூளை பதித்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மார்க்குக்காக நாம் பறிப்பது அதைத்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. நம் ஊரிலோ ஸ்பெஷல் கிளாஸ் விடியும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்தது, 'இந்த ஒரு வருடம் விளையாட்டு வேண்டாம்' என்பது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், மாலையை டியூஷன் எடுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் இந்த வயதினருக்குச் சொல்வது தினம் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு. தெருவில் அரை மணி நேரம் ஷட்டில் ஆடவாவது விடுங்கள். நண்பர்களோடு பேசிச் சிரிக்கும் நேரமும் அதுதானே.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். அரசுப் பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ரத்தசோகை உள்ள பெண்பிள்ளைக்கு எதைப் படித்தாலும் களைப்புதான் மிஞ்சும். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். சத்து உடம்பில் சரியாகச் சேராது.

அப்புறம், 'வயசு அப்படித்தான்' என்ற பேச்சு. எல்லாவற்றையும் அதில் அடக்க முடியாது. பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பிடித்ததைக்கூடத் தொடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றால், மார்க்கைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.