ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சொட்டு ரத்தம்

விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சுகர் வந்து பதினொரு வருஷம். ராத்திரி நாலு இட்லிதான், ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 178. பழியை இட்லி மேல் போட்டேன். தூங்குகிற லட்சணத்தை நினைத்தே பார்க்கவில்லை.

உங்களுக்கும் இதே கதை என்றால் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். நான் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். படுக்கும்போது சுகர் எவ்வளவு, ராத்திரி ஒன்றுக்குப் போக எத்தனை தடவை எழுந்தீர்கள், காலையில் எவ்வளவு. அவ்வளவுதான். என் பக்கத்தில் மூன்று தடவைக்குக் குறைந்த ராத்திரியே இல்லை. ரத்தத்தில் சுகர் 180 வாக்கில் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளும். இதற்குப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தேன். நாக்கு வறண்டதுதான் மிச்சம். தூக்கம் கெட்டால் மறுநாள் இன்சுலின் சரியாக எடுபடாது, சுகர் இன்னும் ஏறும். வட்டிக்கு வட்டி மாதிரி.

அப்புறம், ஒரே ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து விரலைக் குத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் ஒரு டீயை விட விலை அதிகம்தான், பரவாயில்லை. 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். விடிந்ததும் முதல் வேலை டாக்டருக்குப் போன். வேர்த்து நனைந்து விழிப்பது, கெட்ட கனவு, காலைத் தலைவலி எல்லாம் இப்படி இறங்குவதற்கு அடையாளமாக இருக்கலாம். மூன்று மணிக்குச் சரியாக இருந்து ஆறு மணிக்கு ஏறினால், பெரும்பாலும் விடிகாலையில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களின் வேலை. மாத்திரையோ ஊசியோ, அளவையும் நேரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

எனக்கோ படுக்கும்போதே 214, மூன்று மணிக்கு 196. கடை அடைத்துப் பத்தே முக்காலுக்குச் சாப்பிட்டு, கை காய்வதற்குள் படுத்தால் வேறென்ன ஆகும்? இப்போது எட்டு மணிக்கே தூக்குவாளி கடைக்கு வந்துவிடும். அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பாதியில் யாராவது கால் கிலோ துவரம்பருப்பு கேட்பார்கள். மூன்றே வாரத்தில் காலை அளவு 140 பக்கம் வந்தது. ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறேன்.

குறட்டை மட்டும் போகவில்லை. "நடுவுல மூச்சே நின்னுபோகுதுங்க, நான்தான் தட்டி எழுப்புறேன்" என்கிறாள் வீட்டுக்காரி. உங்கள் வீட்டிலும் அப்படிச் சொன்னால் சிரித்துத் தள்ளாதீர்கள். சுகர்காரர்களிடம் அதிகம் காணப்படும் தொந்தரவு அது; தூக்கப் பரிசோதனை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்று ராத்திரி கல்லாவில் மச்சினன் உட்காருவான்.