டிடிஎஸ் மீட்டரோட நின்னுடாதீங்க: ஸ்கூல் பசங்கள வச்சு குடிநீர் ப்ராஜெக்ட் பண்றது எப்படி

ஜேஆர்சி (ஜூனியர் ரெட் கிராஸ்), பசுமைப்படைன்னு வருஷா வருஷம் "குடிநீர் விழிப்புணர்வு" பண்ணச் சொல்லி சர்க்குலர் வரும், நாமளும் பசங்கள வெயில்ல நிக்க வச்சு சார்ட் பிடிக்கச் சொல்லி நாலு போட்டோ எடுத்து அனுப்பிட்டு மறந்துடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கடலூர் பக்கம் சயின்ஸ் எடுக்குறேன், மூணு வருஷமா இத கொஞ்சம் உருப்படியா பண்றோம், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நிறைய டீச்சர்ஸ் கேட்டதால எழுதுறேன்.

எப்போ ஆரம்பிக்கணும்

ஜூலை. நமக்கு மழை வெள்ளம் எல்லாம் நவம்பர் டிசம்பர்ல தான், 2015 நவம்பர யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அதுக்கு முன்னாடி அக்டோபர் 2 கிராம சபை இருக்கு, ரிசல்ட்ட அங்க கொண்டு போகணும்னா ஆகஸ்ட்டுக்குள்ள டெஸ்ட் முடியணும். மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் சபை உண்டு, ஆனா அது பரீட்சை நேரம், ஹெச்எம் விடமாட்டாங்க.

ஸ்டெப் 1: ஒரே ஒரு தெரு

ஊர் முழுக்க எடுக்காதீங்க. ஒரு மேல்நிலைத் தொட்டி, அதுலேர்ந்து தண்ணி போற ஒரு தெரு, பத்து வீடு, போதும். பசங்கள நோட்டோட அனுப்பி தொட்டிலேர்ந்து வீட்டுக் குடம் வரைக்கும் தண்ணி எந்த வழியா வருதுன்னு படமா வரையச் சொல்லுங்க. பிரஷர் இல்லன்னு பள்ளம் தோண்டி கீழ எறக்கி வச்ச குழாய் எத்தனை, சாக்கடைய ஒட்டிப் போற பைப் எங்க, மோட்டார் போட்டு உறிஞ்சுற வீடு எது, எல்லாம் குறிக்கணும். சப்ளை நின்னதும் அந்தப் பள்ளத்துல தேங்குன அழுக்குத் தண்ணி பைப்புக்குள்ளயே திரும்பப் போகும். இத பாடமா சொன்னா தலையாட்டுவான், பள்ளத்த நேர்ல பாத்தவனுக்குத்தான் புரியும்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணன்கிட்ட முன்னாடியே பேசி வைங்க. நம்மள விட அவருக்கு நிறைய தெரியும், குறை கண்டுபிடிக்க வந்திருக்கோம்னு அவர் நெனச்சிட்டா அவ்ளோதான்.

ஸ்டெப் 2: மூணு டெஸ்ட்

டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற கருவி, ஆன்லைன்ல சல்லிசா கெடைக்குது. ஐஎஸ் 10500ங்கிற இந்தியக் குடிநீர் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 2,000 வரைக்கும் ஏத்துக்கலாம். கடலோரமா போர் போட்ட வீடுகள்ல நம்பர் எகிறும், கடல் தண்ணி உள்ள வர்ற கதைய அங்கயே நின்னு சொல்லிடுங்க. ஆனா இந்த மீட்டர் உப்பத்தான் காட்டும், கிருமிய காட்டாது. முதல் வருஷம் ஒரு அடிபம்புல 340ன்னு வந்ததும் சூப்பர் தண்ணின்னு கைத்தட்டுனோம், அதே தண்ணிய கிருமி இருக்கான்னு பாக்குற ஹெச்டூஎஸ் பாட்டில்ல ஊத்தி வச்சா மறுநாள் காலைல கரி மாதிரி கறுத்து நிக்குது.

அந்த பாட்டில் தான் ரெண்டாவது டெஸ்ட். 1982ல நம்ம நாட்டு ஆளுங்களே கண்டுபிடிச்ச முறை. கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி மூடி, 24லேர்ந்து 48 மணி நேரம் வெதுவெதுப்பான இடத்துல வைக்கணும், நம்ம ஊருக்கு தனியா இன்குபேட்டரெல்லாம் வேணாம், அலமாரியே போதும். கறுத்துச்சுன்னா மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஒரு தடவ வரிசையா மூணு பாட்டில் கறுத்து பதறிட்டோம், விசாரிச்சா ஒரு பையன் மூடியோட உள்பக்கத்த விரலால தொடச்சிருக்கான், சுத்தமா இருக்கட்டும்னு! அதனால கைய சோப்பு போட்டு கழுவணும், குழாய ரெண்டு நிமிஷம் ஓட விடணும், மூடி உள்பக்கத்த தொடவே கூடாது. கறுத்த பாட்டில்ல பிளீச்சிங் கரைசல் ஊத்தி நீங்களே அப்புறப்படுத்துங்க, பசங்க கைல குடுக்காதீங்க.

மூணாவது குளோரின். குளோரோஸ்கோப்னு குளோரின் அளவு பாக்குற கிட் இருக்கு, அதுல தண்ணி எடுத்து சொட்டு மருந்து விட்டா மஞ்சளாகும், எவ்ளோ மஞ்சளோ அவ்ளோ குளோரின். கடைசி வீட்டுக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும். அந்த சொட்டு மருந்து ஆசிட், கிளவுஸ் கட்டாயம்.

ஸ்டெப் 3: குடத்துக்குள்ள பாருங்க

இத யாரும் பண்றதில்ல, ஆனா விஷயமே இங்கதான் இருக்கு. குழாய்ல ஒரு பாட்டில், அதே வீட்டுக் குடத்துல ஒரு பாட்டில் எடுங்க. எங்க தெருவுல குழாய்ல நல்லா இருந்து குடத்துல கறுத்தது நாலு வீடு. "ஏன் கண்ணு, நான் வெளக்கி வச்ச கொடத்துலயா பூச்சி இருக்குங்கற"ன்னு ஒரு பாட்டி கோச்சிக்கிட்டாங்க. குடம் பளபளன்னுதான் இருந்துச்சு, டம்ளர விரலோட உள்ள விட்டு மொள்றதுதான் கோளாறு. பாட்டில் எடுக்கப் போன எங்க ஸ்கூல் பொண்ணு அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல, அடுத்த வாரம் நீளக் கைப்பிடி வச்ச கரண்டி ஒண்ணு கொண்டுபோய் குடுத்துட்டு வந்துச்சு.

ஸ்டெப் 4: ஸ்கூல் தொட்டி

ஊருக்கு சொல்றதுக்கு முன்னாடி நம்ம தொட்டிய கழுவணும். கணக்கு பசங்க போடட்டும், பிளீச்சிங் பவுடர பெரியவங்க தொடட்டும். 25 சதவீத குளோரின் பவுடர்னா 1,000 லிட்டருக்கு 4 கிராம், அப்போ 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். பக்கெட்ல கரைச்சு தெளிய விட்டு மேல்தண்ணிய மட்டும் ஊத்தி, ஒரு மணி நேரம் கழிச்சுதான் குழாய தெறக்கணும். பிரிச்சு ரொம்ப நாளான பவுடர்ல வீரியம் இருக்காது, பாத்து வாங்குங்க.

ஸ்டெப் 5: மனு

ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். எந்தக் குழாய், எந்தத் தேதி, என்ன ரிசல்ட், என்ன பண்ணணும், அவ்ளோதான். கறுத்த எடத்துத் தண்ணிய குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து உறுதி பண்ணிட்டு மனு குடுங்க, அதுவரைக்கும் அந்த வீடுகள்ல கொதிக்க வச்சு குடிக்கச் சொல்லிடுங்க. ஊராட்சின்னா கிராம சபை, டவுனுக்குள்ளன்னா மாநகராட்சி. படிக்கிறது பசங்களா இருக்கட்டும், நாம பின்னாடி நிப்போம்.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததும் அதே பத்து வீட்டுல திரும்ப டெஸ்ட் எடுங்க. அதுக்கு இருபது பாட்டில இப்பவே தனியா எடுத்து வச்சிடுங்க, காலாவதி தேதிய பாத்து.