கதையில் நடப்பது ஒன்று, கதை சொல்வது வேறொன்று

கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். ஒரு கதையைக் கொடுத்து மையக்கருத்தை எழுதச் சொன்னால் பாதிப் பேர் முழுக் கதையையும் திருப்பி எழுதுகிறார்கள். மீதிப் பேர் ஒரு குறளை ஒட்டவைத்துவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். உட்பொருளைக் கேட்டாலும் அதே விடைகள்தான் வருகின்றன. கதையில் நடப்பதன் சுருக்கம் மையக்கருத்து; அதன் வழியே கதை சொல்ல வருவது உட்பொருள். இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் கதை படிப்பதே வேறு மாதிரி ஆகிவிடும்.

வகுப்புக்காக நான் எழுதிவைத்திருக்கும் ஒரு சின்னக் கதை இது. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த தாத்தா ஒருவர். (எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது வீட்டுக் கதை.) நுவரெலியாப் பக்கம் விட்டுவந்த லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) சாவி இன்னும் அவர் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. ஒருநாள் அவர் குளிக்கக் கழற்றிவைத்த நேரம் பார்த்துப் பேரன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுக் கடலை மிட்டாய் வாங்கித் தின்றுவிடுகிறான். தாத்தா திட்டவில்லை. மறுநாள் கடைவீதிக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வருகிறார். இங்கே குடிவந்த நாளிலிருந்து இப்போதிருக்கும் வீட்டை அவர் பூட்டியதே இல்லை.

முதலில் மையக்கருத்து. யார், என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள்: “பழைய வீட்டின் சாவியைப் பேரன் விற்றுவிட, தாத்தா இப்போதிருக்கும் வீட்டுக்குப் பூட்டு வாங்குகிறார்.” எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழப்பம் வந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கடலை மிட்டாய்க்குப் பதில் தேன்மிட்டாய் வந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. பூட்டை எடுத்தால் கதையே இல்லை.

உட்பொருளில்தான் சறுக்குகிறார்கள். அந்த வாக்கியத்திலிருந்து தாத்தா, பேரன், சாவி எல்லாரையும் எல்லாவற்றையும் வெளியே அனுப்புங்கள். பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் வகுப்பில் முதல் விடை “ஊர்ப்பற்று” என்று வரும். அது கதை எதைப் பற்றியது என்பதை மட்டும் சொல்கிறது. ஊர்ப்பற்றைப் பற்றி இந்தக் கதை என்ன நினைக்கிறது? அதைச் சொல்ல ஒற்றைச் சொல் போதாது; முழு வாக்கியம் வேண்டும். அடுத்து, “பெரியவர்கள் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது” என்று ஒரு கை உயரும். நீதிக்கதை படித்துப் படித்து வந்த பழக்கம் இது. கதையில் அதற்கு எங்கே சான்று? பேரனுக்கு அடியும் இல்லை, திட்டும் இல்லை. அறிவுரையை நாம் கொண்டுபோய்க் கதைக்குள் வைக்கிறோம்.

“விட்டுவந்த வீட்டின் பிடி தளர்ந்தால்தான் இருக்கிற வீடு சொந்தமாகிறது” என்று எழுதினால் ஏற்றுக்கொள்வேன். பூட்டியதே இல்லை என்ற கடைசி வரியில் விரல் வைத்துக் காட்டலாம். “அறியாப் பிள்ளை செய்த தவறுகூடப் பெரியவரின் பாரத்தை இறக்கிவிடும்” என்றாலும் சரிதான். தாத்தா திட்டாததே அதற்குச் சான்று. ஒரே கதைக்கு உட்பொருள் இரண்டு மூன்று இருக்கலாம். வரியைக் காட்ட முடியாதது எதுவும் எனக்கு வேண்டாம். தேடும்போது கடைசிப் பத்தியையும், திரும்பத் திரும்ப வரும் பொருளையும், யார் மனம் எங்கே மாறுகிறது என்பதையும் பாருங்கள். தலைப்பை அதிகம் நம்பாதீர்கள்.

பெரிய படைப்பில் பழக வேண்டுமானால் சிலப்பதிகாரம் இருக்கிறது. செய்யாத களவுக்குக் கோவலன் கொலையுண்டான், கண்ணகி வழக்குரைத்து மதுரையை எரித்தாள் என்பது மையக்கருத்து. உட்பொருளை நூலின் முகப்பில் வரும் பதிகமே மூன்றாக எடுத்துச் சொல்லிவிடுகிறது: அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை விடாமல் வந்து தன் பயனை ஊட்டும். கோவலன் பெயரோ மதுரையின் பெயரோ இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைய சிறுகதைக்காரர்கள் இப்படி வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எனக்கும் பிடிக்காது.

செய்திக் கட்டுரைகளில் மட்டும் இந்த வேட்டை வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலைப் பற்றிய கட்டுரை என்றால், கல்லாறு முதல் குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம், அதனால் அங்கே பற்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது என்பதுதான் மையக்கருத்து. அதோடு விடை முடிந்தது. உட்பொருள் “விடாமுயற்சி” என்று எழுதும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.