தரை ஆர்க்கிட் தொட்டிக்கு மண் கலவை

மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுக்கான வெறும் கரியும் மரப்பட்டையும் ஸ்பாதோகுளோட்டிஸ், ஃபையஸ் போன்ற தரை ஆர்க்கிட்டுகளுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். தோட்ட மண்ணை மட்டும் போட்டாலோ, நாளடைவில் இறுகிக் காற்று போகாமல் வேர் அழுகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவைதான் தேவை.

நன்கு மக்கிய இலை மட்கு 2 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) 1 பங்கு, 2 முதல் 3 மி.மீ. பருமனுள்ள ஆற்று மணல் 1 பங்கு, சிறு மரப்பட்டைத் துண்டுகள் 1 பங்கு. நைஸ் மணல் வேண்டவே வேண்டாம். அது இடைவெளிகளை அடைத்துவிடும். கடல் மணலில் உப்பு இருக்கும். நார்த்தூளிலும் உப்பு இருக்கலாம் என்பதால் ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். பிறகு இலை நுனி கருகும்போது உரத்தைக் குறை சொல்வார்கள்.

ஈரமான கலவையைக் கைப்பிடியில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் சரி. உருண்டை அப்படியே நின்றால் இன்னும் அரைப் பங்கு பெர்லைட் சேருங்கள். கார அமிலத்தன்மை (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும், சுண்ணாம்பு கலக்காதீர்கள்.

நடும்போது, இலைகளின் அடியில் பருத்திருக்கும் கிழங்கின் பாதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் புதுத் தளிர் அடியிலேயே அழுகும். மட்கு நொறுங்கிக் கலவை இறுகுவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புதுத் தளிர் விடத் தொடங்கும் நேரத்தில் மாற்றுங்கள்.